போலந்து மன்னர்கள் கையொப்பமிட்ட ஆவணங்களை வாங்கிப் பாதுகாப்பது எப்படி?

மன்னரின் கையொப்பம் இருப்பதால் கடிதம் முழுவதையும் அவரே எழுதினார் என்று எண்ணிவிடாதீர்கள். நியமன ஆணைகளையும் சலுகைப் பத்திரங்களையும் பெரும்பாலும் செயலர்களே எழுதினார்கள். மன்னர் அடியில் கையொப்பமிட்டார். மன்னர் மூன்றாம் யான் சொபியெஸ்கி தம் மனைவிக்குக் கைப்பட எழுதிய காதல் கடிதங்களின் மதிப்பே வேறு. புதியவர்கள் கடைசி மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்ட் (1764–1795) காலத்து ஆணைகளில் தொடங்கலாம்.

வாங்குமுன், அது யார் யாரிடம் இருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். 1944-இல் வார்சாவின் காப்பகங்களை ஜெர்மானியப் படைகள் எரித்தன. போரில் கொள்ளைபோனவையும் ஏராளம். பழைய நூலக முத்திரை தென்பட்டால் விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். போலந்திலிருந்து வெளியே எடுத்துச்செல்ல அரசு அனுமதி தேவைப்படலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எதிரி, ஆவணத்தை எழுதப் பயன்பட்ட மையே. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த அந்த மையின் அமிலம் எழுத்துகளின் வழியே காகிதத்தை அரித்துவிடும். ஈரம் கூடினால் இன்னும் வேகமாக. அமிலமற்ற உறையில், இருட்டில், 35–50% ஈரப்பதத்தில் வையுங்கள். மெழுகு முத்திரைமேல் எதையும் அடுக்காதீர்கள். லேமினேஷன், செலோ டேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழிசலை ஆவணச் சீரமைப்பு நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.