விட்டுப் போய்விடுவாரோ என்ற பயமும் விலகி ஓடும் மனமும்: பெங்களூர்த் தமிழர் கேள்விகளுக்கு ஓர் ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: அக்கா, என் கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. ஒரு மணி நேரம் மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. லொகேஷன் ஷேர் பண்ண வைத்துவிட்டேன். அப்படியும் நிம்மதி இல்லை. (முருகேஷ்பாளையா)

பதில்: அந்த நடுக்கம் நிஜம்தான்மா. யாராவது 'ஓவரா பண்றே' என்றால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்வது பசிக்காக மட்டுமில்லை, பாதுகாப்புக்காகவும்தான் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி விளக்கினார். அதே பிணைப்புதான் காதலிலும் இருக்கிறது என்று 1987-ல் ஹாசன், ஷேவர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஓர் அமெரிக்க நாளிதழ் வழியாக அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேர் உங்களைப் போலப் பதறுகிறவர்கள்.

ஆனால் லொகேஷன் பார்த்து இது அடங்காது. மாரத்தஹள்ளி பாலத்தில் புள்ளி நகராமல் நின்றால், டிராஃபிக் என்று தெரிந்தும் மனம் வேறு கதை கட்டும். வேவு பார்ப்பதும், வேண்டுமென்றே பொறாமை மூட்டுவதும்கூட உறவைக் காப்பாற்ற நினைத்து மனிதர்கள் செய்கிறவைதான். அவை அதிகமுள்ள உறவுகளில் திருப்தி குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வேண்டியதை நேராகக் கேளுங்கள்: "மீட்டிங் என்றால் 'பிஸி'ன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க." அவர் ஒப்புக்கொண்டால் லொகேஷனை நிறுத்திவிடுங்கள். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

கேள்வி: மேடம், சண்டை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். 'உனக்குப் பாசமே இல்லை' என்கிறாள் மனைவி. (கே.ஆர்.புரம்)

பதில்: பாசம் இருக்கிறது தம்பி, காட்டப் பழகவில்லை. உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் சோதனையில், தாய் அறையை விட்டுப் போனபோது சில குழந்தைகள் அழாமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தால், அது எகிறியிருந்தது. வெளியே கல், உள்ளே தவிப்பு. உங்கள் மனைவிக்குத் தெரிவது வெளிப்பக்கம் மட்டும்தான். வெளியே போங்கள், தப்பில்லை. ஆனால் "அரை மணி நேரத்தில் வருகிறேன், வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். அவருக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

கேள்வி: உறவில் நாம் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் ஓர் ஆன்லைன் டெஸ்டில் எனக்கு 'பயம் கலந்த விலகல்' என்று வந்தது. நெருக்கம் வேண்டும், ஆனால் பயந்து விலகுவேனாம். கல்யாணமே வேண்டாமா?

பதில்: தாராளமாகப் பண்ணிக்கொள்ளுங்கள். இது நோய்ப்பெயர் கிடையாது. பதற்றம், விலகல் இரண்டும் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கும். நம்பகமான துணையோடு வாழ்ந்து மாறியவர்கள் உண்டு.

கேள்வி: நான் ஐடி, அவரும் ஐடி. வீட்டு வேலை முழுக்க என் தலையில். காதலைத் தக்கவைக்க மாதம் ஒரு டின்னர் போதுமா?

பதில்: போதாது. ஸ்டாஃபோர்ட், கேனரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் உறவைக் காக்கும் வழிகள் என்று ஐந்தைச் சொன்னார்கள். கலகலப்பு, மனம் திறந்த பேச்சு, 'நான் இருக்கிறேன்' என்ற உறுதி, நண்பர் உறவினர் வட்டம். ஐந்தாவது, வேலையைப் பங்கிட்டுக்கொள்வது. இந்தப் பதிலை அவருக்கே அனுப்புங்கள்.

கேள்வி: சம்பளக் கார்டு அவரிடம். எங்கே போனாலும் வீடியோ காலில் காட்டச் சொல்கிறார். ஒருமுறை அடித்தார். இதுவும் பதற்றம்தானா அக்கா?

பதில்: இல்லைம்மா. பதற்றம் உள்ளவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை. இது வன்முறை, இதற்கு நீங்கள் காரணமில்லை. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். மனம் விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். அவர் பார்க்காத ஒரு போனிலிருந்து கூப்பிடுங்கள்.