கணினிக் கேள்வி - பதில்: லினக்ஸ் போட்டாயிற்று, நுழைவுத் திரை எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே குறையைச் சொல்கின்றன. லினக்ஸ் போட்டு முடிந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் படத்திரை மட்டும் சரியாக வரவில்லை. படித்துப் பார்த்தால் ஐந்தும் ஐந்து வேறு கோளாறுகள். எழுதியவர்களில் சிலர் இரண்டு, மூன்று தடவை அழித்துப் போட்டிருக்கிறார்கள். போன் டேட்டாவை நம்பி வேலை செய்யும் நம் ஊர்களில் ஒவ்வொரு தடவையும் அது காசு. இந்த ஐந்தில் எதற்கும் மறுபடி போடத் தேவையில்லை.

கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. நாங்கள் இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி, கோடு போட்ட இடத்தில் கோடு.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வாசிகசாலைக்குக் கிடைத்த பழைய டெல் கணினியில் டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) போட்டோம். பென்டிரைவில் ஏற்றியது சிறிய ‘நெட்இன்ஸ்ட்’ கோப்பு. அங்கே இணையம் இல்லை. நடுவில் ‘மிரர்’ (நிரல்கள் இறங்கும் இணைய இடம்) கேட்டபோது வேண்டாம் என்று கொடுத்துத் தொடர்ந்தோம். பிழை காட்டாமல் முடிந்தது. இப்போது கறுப்புத் திரையில் ‘டெபியன் லாகின்’ என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. கிராஃபிக்ஸ் பழுதா?

பழுது எதுவும் இல்லை. நீங்கள் போட்டது முழுமையாகத்தான் ஏறியிருக்கிறது. போட்டதில் படத்திரை இல்லை, அவ்வளவுதான். நெட்இன்ஸ்ட் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. அதற்குள் இருப்பது அடிப்படை அமைப்பு மட்டும். ஜன்னல்கள், மவுஸ் அம்பு, நுழைவுத் திரை என்று கண்ணுக்குத் தெரியும் எல்லாம் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறங்க வேண்டியவை. மிரர் இல்லாமல் போனதால் அந்தப் பங்கு வரவில்லை.

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எழுத்துத் திரையிலேயே பெயரைத் தட்டி என்டர், பிறகு கடவுச்சொல். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது. விசை வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இங்கேயே கைவிடுகிறார்கள். உள்ளே போனதும் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்’ என்று கேளுங்கள். அப்படி ஒரு சேவையே கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், நுழைவுத் திரையைக் காட்டும் நிரல் கணினியில் இல்லை. கணினி படத்திரையில் தொடங்குமா, எழுத்திலா என்று அறிய ‘சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்’ போட்டுப் பார்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. டெபியனில் அதை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்க்டாப் இல்லாத கணினியிலும் அது ‘கிராஃபிக்கல்.டார்கெட்’ என்றே சொல்லும். ‘மல்டி-யூசர்.டார்கெட்’ என்று வந்தால்தான் அது ஒரு துப்பு. அப்போது ‘சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்’ கொடுத்து மாற்ற வேண்டும்.

அடுத்தது அதிகாரம். நிறுவும்போது ‘ரூட்’ (கணினியின் முழு நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருந்தால் டெபியன் உங்கள் பெயருக்கு ‘சூடோ’ (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) தராது. ‘எஸ்யு -’ என்று தட்டி ரூட் கடவுச்சொல்லைக் கொடுங்கள். எஸ்யுவுக்குப் பின் ஓர் இடைவெளி, பிறகு அந்தச் சிறுகோடு. கோட்டை விட்டுவிட்டால் உள்ளே போவீர்கள். ஆனால் நிர்வாகக் கட்டளைகள் பலவற்றுக்கு ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும்.

இணையத்தைப் போனிலிருந்தே எடுக்கலாம். சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் கணினியை வைத்து, போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போன் அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். வயர் டேட்டா போகும் வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் வயரில் டெதரிங் பொத்தான் மங்கியே கிடக்கும். ‘ஐபி லிங்க்’ என்று கேட்டால் ‘யூஎஸ்பி0’ என்றோ ‘இஎன்’ என்று தொடங்கும் நீண்ட பெயரிலோ ஒரு புதிய வரி தெரியும். அந்தப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு ‘நானோ /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ திறந்து, கடைசியில் ‘ஐஃபேஸ் யூஎஸ்பி0 ஐநெட் டிஹெச்சிபி’ என்ற ஒரு வரியைச் சேருங்கள். ‘ஐஃபேஸ்’ என்பது ஐ, எஃப், ஏ, சி, இ. யூஎஸ்பி0 இருக்கும் இடத்தில் நீங்கள் எழுதிவைத்த பெயர். கண்ட்ரோல்-ஓ சேமிக்கும், கண்ட்ரோல்-எக்ஸ் வெளியேறும். பிறகு ‘இஃப்அப் யூஎஸ்பி0’.

இப்போது பொதிகள் (நிரல் மூட்டைகள்) எங்கிருந்து வரும் என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். ‘நானோ /இடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்’ திறந்தால் ‘டெப் சிடிரோம்’ என்று தொடங்கும் வரி இருக்கும். அதன் முன்னால் # போடுங்கள். இல்லாவிட்டால் பென்டிரைவைச் செருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். கீழே ‘டெப் ஹெச்டிடிபி://டெப்.டெபியன்.ஓஆர்ஜி/டெபியன் புக்வோர்ம் மெயின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று ஒரே வரியில் சேருங்கள். புக்வோர்ம் என்பது 12ஆம் பதிப்பின் பெயர். 13 போட்டவர்கள் அங்கே டிரிக்ஸி என்று எழுத வேண்டும்.

‘ஏபிடி அப்டேட்’ கொடுப்பதற்கு முன் ‘டேட்’ என்று தட்டித் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி போல வெள்ளியாய் மின்னும் வட்ட பேட்டரி இருக்கும்; மேலே சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் மின்சாரம் நின்ற ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். இன்றைய பொதிப் பட்டியலை அந்தக் கணினி ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தள்ளிவிடும். இணையம் சரி, முகவரி சரி, ஆனாலும் எதுவும் இறங்காது. டெல் கணினியில் தொடங்கும்போது எஃப்2 அழுத்தி பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) திகதியைத் திருத்துங்கள். வேலை முடியும்வரை பிளக்கைக் கழற்றாதீர்கள். பிறகு ஆறுதலாகப் பேட்டரியை மாற்றலாம். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்னை இறக்கிவிட்டு, பக்கத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதில் + குறி மேலே இருக்க வேண்டும்.

திகதி சரியென்றால் ‘ஏபிடி அப்டேட்’, அது பிழையின்றி முடிந்ததும் ‘டாஸ்க்செல்’. வரும் பட்டியலில் இடைவெளி விசையால் குறியிடுங்கள். என்டர் அழுத்தினால் குறி விழாது, பட்டியலே மூடிக்கொள்ளும். வாசிகசாலைக் கணினியில் ராம் 4 ஜிபியோ அதற்குக் குறைவோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை எடுங்கள். நோம் அழகானது, ஆனால் அந்த ராமில் உலாவியும் திறந்தால் திணறும். இறங்குவது பல நூறு எம்பி வரும், ஆகவே இரவு டேட்டா உள்ளவர்கள் அதற்கென்று ஒதுக்குங்கள். முடிந்ததும் ‘ரீபூட்’.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி: உபுண்டு 24.04. என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள, கை மாறிய கணினி. பென்டிரைவில் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ தெரிவு செய்துதான் போட முடிந்தது. மறுபடி தொடங்கியதும் இலச்சினை ஒரு கணம் தெரிகிறது. பிறகு கறுப்பு, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு.

கணினியின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள் அக்கா. திரை வயர் அட்டையில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? அட்டை போட்டதும் மதர்போர்டின் திரைத் துளை பல கணினிகளில் அணைந்துவிடும். நம் குளிரிலும் பனி ஈரத்திலும் பல மாதம் சும்மா கிடந்த கணினியென்றால் அட்டையையும் ராமையும் ஒரு தடவை கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

அது சரியென்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்தில் லாகின் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. தகராறு திரை டிரைவரில். உங்கள் கடிதம் அதைத்தான் காட்டுகிறது. சேஃப் கிராஃபிக்ஸ் என்பது கர்னலுக்கு (லினக்ஸின் உட்கருவுக்கு) ‘நோமோட்செட்’ என்ற ஒரு சொல்லைக் கொடுப்பது. அது பென்டிரைவில் தொடங்கும்போது மட்டும் வேலை செய்தது; வன்வட்டில் ஏறிய உபுண்டுவுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை.

நாமே கொடுக்கலாம். பவர் போட்டதும் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டுங்கள் (பழைய பயோஸ் கணினி என்றால் ஷிஃப்டைப் பிடித்திருங்கள்). லினக்ஸைத் தொடக்கிவிடும் ‘கிரப்’ பட்டியல் வரும். எஸ்கேப்பை அதிகம் தட்டி ‘கிரப்>’ என்ற வெற்று வரிக்குப் போய்விட்டால் ‘நார்மல்’ என்று தட்டி என்டர், உடனே எஸ்கேப் ஒரு தடவை. பட்டியலில் முதல் வரியில் நின்று ‘இ’ விசை. ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில், ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்பதற்குப் பின் இடைவெளி விட்டு நோமோட்செட் தட்டி எஃப்10. திரை வரும், எழுத்துகள் பெரிதாகவும் அசைவு மந்தமாகவும் இருக்கும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். நிரந்தரமாக எழுதிவிட வேண்டாம். வீடியோ பார்க்கக்கூட ப்ராசசர்தான் மூச்சு வாங்கும்.

உள்ளே வந்ததும் இணையத்தோடு ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’. பயோஸில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் காவல்) போட்டிருந்தால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். சொன்னால், அடுத்த தடவை தொடங்கும்போது நீலத் திரை வந்து 10 விநாடி மட்டும் காத்திருக்கும். ஏதாவது விசையை அழுத்தி ‘என்ரோல் எம்ஓகே’ தெரிவு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறியிருந்தும் வேலை செய்யாது, கறுப்புத் திரை திரும்ப வரும். ஜிஃபோர்ஸ் 210 போன்ற மிகப் பழைய அட்டைக்கு வேண்டிய 340 வரிசை டிரைவர் 24.04இல் இல்லை. அப்படியானால் அட்டையைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் துளையிலேயே திரையை மாட்டுவதுதான் எங்கள் சிபாரிசு.

தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவர்: நுழைவுத் திரை வருகிறது. சரியான கடவுச்சொல் கொடுத்தால் ஒரு கணம் கறுத்து, திரும்பவும் அதே திரை. தவறாகக் கொடுத்தால் ‘தவறு’ என்கிறது.

தவறைத் தவறு என்று சொல்வதால் கடவுச்சொல்லில் குறை இல்லை தம்பி. உள்ளே திறக்க வேண்டிய டெஸ்க்டாப் எழும்ப முடியாமல் விழுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3இல் நுழைந்து ‘டிஎஃப் -ஹெச்’ தட்டுங்கள். ‘/’ என்ற வரியில் 100% என்றிருந்தால் வட்டில் இடமில்லை; ‘சூடோ ஏபிடி கிளீன்’, பிறகு ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்’ (கடைசி எம் மட்டும் பெரிய எழுத்து) இரண்டும் உடனே கொஞ்சம் இடம் தரும்.

இடம் இருக்கிறதென்றால் ‘எல்எஸ் -எல் .எக்ஸ்அத்தாரிட்டி’ (புள்ளியில் தொடங்கும், எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து). பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட்’ என்று வந்தால் அதுதான் காரணம். படத்திரையைக் கையால் தொடக்க யாரோ ‘சூடோ ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுத்திருக்கிறார்கள். கோப்பு ரூட்டின் கைக்குப் போய்விட்டது, உங்கள் பெயரால் அதில் எழுத முடியவில்லை. ‘சூடோ ஆர்எம் .எக்ஸ்அத்தாரிட்டி’ என்று அழித்துவிடுங்கள். அடுத்த நுழைவில் அது தானே புதிதாக உண்டாகும். இனிமேல் ஸ்டார்ட்எக்ஸுக்கு முன்னால் சூடோ சேர்க்காதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிற்று. இப்போது ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நிற்கிறது.

வட்டின் கோப்பமைப்பு பாதியில் அறுந்திருக்கிறது. அதே திரையில் சற்று மேலே ‘/டெவ்/எஸ்டிஏ2’ போல ஒரு பெயரோடு, எஃப்எஸ்சிகே-யை (கோப்பமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை) கையால் ஓட்டச் சொல்லும் வரி இருக்கும். உங்கள் திரையில் உள்ள பெயரைப் போட்டு ‘எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2’, முடிந்ததும் ‘எக்சிட்’. அதற்குப் பின்னும் எழுத்துத் திரையிலேயே நின்றால் அப்டேட் பாதியில் விட்ட பொதிகள்தான் காரணம். நுழைவுத் திரை நிரல் அவிழ்ந்து கிடக்கும், அமைந்திருக்காது. ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பின் ‘சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்’. கரண்ட் போகாமலே இந்தக் கோளாறு இன்னொரு தடவை வந்தால் வட்டு சாகப்போகிறது; முதல் வேலையாகக் கோப்புகளை வேறிடத்தில் எடுத்துவையுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மழை கட்டும் நம் பக்கத்தில் பெரிய அப்டேட்டைக் காலையில் ஓட்டுவது நல்லது.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு ஆசிரியை: நுழைவுத் திரை வருகிறது, கடவுச்சொல்லை ஏற்கவே மறுக்கிறது. நிறுவும்போது தமிழ் விசைப்பலகை தெரிவு செய்தேன்.

டீச்சர், திரையின் மூலையில் விசைப்பலகை மொழியைக் காட்டும் ஈரெழுத்துக் குறி இருக்கும். அதைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பெயர் கேட்கும் கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தால் விசைகள் என்ன எழுதுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும், பார்த்ததும் அழித்துவிடுங்கள். இனி எப்போதாவது லினக்ஸ் போடும்போது ஆங்கில விசைப்பலகையை முதலாவதாக வைத்து, உள்ளே போன பிறகு தமிழை இரண்டாவதாகச் சேருங்கள்.