பிங்க் ஃப்ளாய்ட் பாட்டுக்கு ஆட முடியுமா?

"பிங்க் ஃப்ளாய்ட் மாதிரி ப்ராக்ரஸிவ் ராக் குழுக்களின் பாட்டுக்கு ஆட முடியுமா? ஆரம்பத்தில் அவர்களும் ஆட்டத்துக்கு வாசித்தவர்கள்தான் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் காலேஜில் ஒரு பேண்ட் வைத்திருக்கிறீர்கள். கல்ச்சுரல்ஸில் மேடை ஏறி உயிரைக் கொடுத்து வாசித்தீர்கள். பாதியில் கீழே இருந்து "மச்சி, ஒரு குத்து போடுறா" என்று எவனோ கத்தினான். அந்தக் கடுப்பில் ராத்திரி ஒரு மணிக்கு இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், எனக்கு நடந்ததை உங்கள் தலையில் கட்டுகிறேன்.

ப்ராக்ரஸிவ் ராக் என்றால் நீள நீளமாக, தாளத்தை மாற்றி மாற்றி வாசிக்கிற ராக். சுருக்கமான பதில்: உண்மைதான். பிங்க் ஃப்ளாய்ட் என்ற இந்த லண்டன் குழு ஆடுகிறவர்களுக்கு வாசித்துத்தான் ஆரம்பித்தது. அதற்காக அடியும் வாங்கினார்கள்.

மேலே போகுமுன் ஒன்று. நான் விமர்சகன் இல்லை. சேலத்தில் குகை என்ற பகுதியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன், மெல்லிசைக் குழுவில் பதினாலு வருஷம் கீபோர்டு வாசித்தவன், இப்போது சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன். "ஃப்ளாய்ட் ப்ராக்கே இல்லை, போதைக் கனவு மாதிரி ஒலிக்கும் சைக்கடெலிக்" என்று சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம். ஜெனிசிஸ் என்ற இன்னொரு ப்ராக் குழுதான் உசத்தி என்பவர்களுக்கும் வணக்கம். 1972இல் அவர்கள் போட்ட 23 நிமிஷப் பாட்டுக்குள் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு பகுதி வரும். அதற்கு ஆடிக் காட்டிவிட்டு வாருங்கள், பேசலாம்.

லண்டன் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த மூன்று பேர்: ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட். பிறகு வாட்டர்ஸின் ஊர்க்காரர் சிட் பாரெட் வந்து சேர்ந்தார். பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று 'டீ செட்'. நம் ஊரில் பேண்ட் செட் உண்டு, நாதஸ்வர செட் உண்டு, தட்டு வடை செட்கூட உண்டு. இதைப் படித்த அன்று கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒரு நிகழ்ச்சியில் அதே பெயரில் இன்னொரு குழுவும் வந்து நிற்க, பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயரை ஒட்டவைத்துப் புதுப் பெயர் கொடுத்தார் பாரெட்.

நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 1965. அப்போது லண்டனில் கவுண்ட்டவுன் கிளப் என்ற இடத்தில் நிரந்தரக் குழுவாக வாசித்தார்கள். இரவு முழுக்க வேலை. ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று சுற்று. கையில் இருந்ததோ கொஞ்சம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள். போட்ட பாட்டையே திரும்பப் போட்டால் மானம் போகும். அதனால் இருக்கிற பாட்டையே நடுவில் சோலோ வைத்து இழுத்தார்கள். பாட்டை நீட்டலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று மேசனே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தத்துவம், கஞ்சா, பிரபஞ்சம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். முதல் காரணம் சரக்குப் பற்றாக்குறை! மெல்லிசைக் குழுவில் இருந்த எவனுக்கும் இது புரியும். ரிசப்ஷனில் ஏழு மணிக்கு மேடைக்கு வரவேண்டிய பொண்ணு எட்டே காலுக்கு வரும். பியூட்டி பார்லர் அக்கா உள்ளே இருந்து கையைக் காட்டுவார், மாமா ஓடிவந்து "தம்பி, இன்னொரு அஞ்சு நிமிசம் இழுங்க" என்பார். இண்டர்லூடை நாலு தடவை சுற்றுவோம். புல்லாங்குழல் டோனில் நான் ஒரு சுற்று, கிடாரில் அவன் ஒரு சுற்று, தபேலா ஒரு சுற்று. அங்கே அதற்குப் பெயர் ப்ராக்ரஸிவ், இங்கே "இழுக்கிறானுங்க".

இழுத்து முடித்துச் சாப்பிடப் போனால் கடைசிப் பந்தி. இதை எங்காவது சொல்லியே ஆகவேண்டும். பதினாலு வருஷத்தில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்தது மூன்று கல்யாணம், அதில் ஒன்று என்னுடையது. எங்கள் முறை வரும்போது சாம்பார் தீர்ந்திருக்கும், ரசத்தில் வெந்நீர் ஊற்றியிருப்பார்கள், பாயசம் "இப்பதாங்க முடிஞ்சுது". வீடியோக்காரருக்கு மட்டும் முன்பே இலை போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அவர் கையில் படம் இருக்கிறது. பாட்டுக்காரன் கையில் என்ன இருக்கிறது? சரி, விடுங்கள்.

1966 டிசம்பரில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் யூஎஃப்ஓ என்றொரு கிளப் தொடங்கினார்கள். அங்கே ஃப்ளாய்டுதான் வீட்டுக் குழு மாதிரி. மேலே வண்ண எண்ணெய்க் குழம்பாக விளக்கு ஓட, கூட்டம் அவரவருக்குத் தோன்றியபடி ஆடியது. ஆட்டம் என்று அதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், கோயிலில் அருள் வந்தவர்கள் எண்ணிக்கை பார்த்தா ஆடுகிறார்கள்? சிக்கல் 1967இல் வந்தது. இரண்டு சிங்கிள் (தனிப் பாட்டாக விற்கும் இசைத்தட்டு) அடுத்தடுத்து ஹிட். ஒன்று 20ஆம் இடம், இன்னொன்று 6ஆம் இடம். உடனே லண்டனுக்கு வெளியே ஊர் ஊராக நடன அரங்குகளில் புக்கிங். அங்கே வந்தவர்கள் வேலை முடித்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, ஜோடியோடு ஆட வந்தவர்கள். ரேடியோவில் கேட்ட மூன்று நிமிஷப் பாட்டு வேண்டும். இவர்களோ தலையும் வாலும் தெரியாத நீளப் பாட்டை ஆரம்பித்தார்கள். டன்ஸ்டபிள் என்ற ஊரில் பால்கனியில் இருந்து பீரை ஊற்றினார்கள். வேறோர் இடத்தில் ஒரு நாணயம் பறந்து வந்து வாட்டர்ஸின் நெற்றியைக் கிழித்தது.

இனி என் கதை.

1996 டிசம்பர் 31. ஏற்காட்டில் ஒரு தனியார் விடுதி, பெயர் வேண்டாம். புத்தாண்டுக் கச்சேரி, பேசிய தொகை 6,000. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, வேனில் எட்டுப் பேர், மடியில் ஸ்பீக்கர் பெட்டி. பாடகி பதினாலாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், மீதியைச் சொல்ல வேண்டாம். நள்ளிரவுக் குத்துக்காக எங்களோடு ஒரு பம்பைக்கார அண்ணனும் வந்தார். ஆடியில் எங்கள் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும்போது அவர் அடித்தால் தெருவே அதிரும்.

எனக்கும் கிடாரிஸ்டுக்கும் ரகசியத் திட்டம் ஒன்று. என்ஜினியரிங் படித்த ஒருவரிடம் வாங்கிய காப்பி கேசட்டில் ஃப்ளாய்டின் 'மணி' (Money, அதாவது பணம்) பாட்டு இருந்தது. 1973 ஆல்பம். ஆரம்பத்திலேயே காசு கொட்டுவது, கல்லாப்பெட்டி திறப்பது, காகிதம் கிழிவது என்று ஏழு சத்தம் சுற்றிச் சுற்றி வரும். வாட்டர்ஸ் ஒரு கிண்ணத்தில் காசை வீசி ஒலிப்பதிவு செய்து, டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, வளையமாக ஒட்டினார் என்று பிற்பாடு படித்தேன். நெற்றியில் காசு வாங்கியவர் கிண்ணத்தில் காசை வீசியது வெறும் தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கு அப்படி நினைத்துப் பார்க்கப் பிடிக்கும்.

எங்களிடம் ஏது டேப் மெஷின். கிடாரிஸ்ட் பகலில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. கொக்கி போன வெள்ளிக் கொலுசு நாலைந்தை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிவந்தான். எடை போட்டுக் கொடுத்தது, ஜனவரி 2 காலையில் எடை போட்டு ஒப்படைக்க வேண்டும். எவர்சில்வர் தூக்குப் போசியில் கொலுசைப் போட்டுக் குலுக்கி மைக்கில் காட்டினால் ஜிலுங் என்று ஒரு சத்தம் வரும், அசலைவிட நன்றாகவே இருக்கும். கீபோர்டில் இருந்த ரெடிமேட் ரிதம் எல்லாம் நாலு, இல்லையென்றால் மூன்று. இந்தப் பாட்டோ ஏழு எண்ணிக்கை. ரெடிமேடில் ஏழு கிடையாது. எல்லாம் கையால்தான். வீட்டில் பிராக்டீஸ் செய்தபோது குழித்தறியில் இருந்த அப்பா தலையை நீட்டி, "என்னடா, நாடா சிக்கின மாதிரியே இருக்குது?" என்றார். தறியில் குறுக்கே ஓடும் நூல் கட்டைதான் நாடா. வேனில் பம்பை அண்ணனிடம் தட்டிக் காட்டினேன். "மூணும் நாலும் ஏழு. தகிட தகதிமி. இதுக்கு எதுக்குத் தம்பி இங்கிலீசு?" என்றார். மிஸ்ர சாபு என்று கச்சேரிக்காரர்கள் சொல்வது அதுதான்.

பதினொன்றரை மணி. புல்வெளியில் பனி இறங்கி, விரல் கீபோர்டில் மரக்கட்டையாக விழுகிறது. ஆரம்பித்தோம். முதல் இரண்டு சுற்று கூட்டம் ஆர்வமாக ஆடியது. பிறகு தடுமாறியது. ஏன் என்று மேடையில் இருந்தே பார்த்துப் புரிந்துகொண்டேன். நம் ஆட்கள் இடது, வலது, இடது, வலது என்று மிதிப்பவர்கள். ஏழு ஒற்றைப்படை. முதல் சுற்றில் இடது காலில் விழுந்த பெரிய அடி அடுத்த சுற்றில் வலது காலில் விழும். யாரோ ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் ஒரு படியை உருவிவிடுவது மாதிரி. தாளம் கடினம் என்பதல்ல, கால் ஏமாறுகிறது. ஒருவர் மட்டும் விடாமல் ஆடினார். அவர் ஜெனரேட்டர் சத்தத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தவர்.

அந்தப் பாட்டில் கிடார் சோலோ வரும்போது ஏழு நின்று நாலாகிவிடும். அசலிலேயே அப்படித்தான். கிடாரிஸ்ட் உள்ளே நுழைந்ததும் பம்பை அண்ணன் யாரையும் கேட்காமல் எழுந்து அடித்தார் பாருங்கள், உட்கார்ந்திருந்த பாட்டிகூட ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். புல்வெளி முழுக்க ஆட்டம். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, பனி என்று சொல்லிக்கொண்டேன்.

சோலோ முடிந்து மறுபடி ஏழு. பஸ் சடன் பிரேக் போட்ட மாதிரி கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தது. எங்கிருந்தோ ஒரு ஆரஞ்சுத் தோல் பறந்து வந்து என் கீபோர்டில் விழுந்தது. வாட்டர்ஸுக்கு நாணயம், எனக்கு ஏற்காட்டு ஆரஞ்சு. மேனேஜர் மேடை ஓரம் வந்து, "யோவ், அந்த மேளத்த விடு, இந்த இங்கிலீச நிறுத்து" என்றார்.

நிறுத்தவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது. பாட்டின் அடியில் சுற்றிச் சுற்றி வரும் பேஸ் வரியின் கடைசி ஸ்வரத்தை இன்னும் ஓர் அடி நீட்டினேன். ஏழு எட்டாகிவிட்டது. டிரம்மர் என்னைப் பார்த்தான், புரிந்துகொண்டான். பம்பை அண்ணன் சிரித்தார். அப்புறம் 25 நிமிஷம், கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டும்வரை, அதே பாட்டு, இழு இழு என்று இழுத்தோம். கீழே ஒருவர்கூட உட்காரவில்லை.

துரோகம் என்பீர்கள். ஏழின் அழகே போயிற்று என்பீர்கள். போயிற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். அதே ஃப்ளாய்ட் 1979இல் என்ன செய்தார்கள்? தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் டிஸ்கோ தாளம் வைக்கச் சொன்னார். 'அனதர் பிரிக் இன் தி வால்' என்ற, ஒரே ஒரு சரணம் இருந்த பாட்டை வெட்டி ஒட்டி நீட்டி, இரண்டாவது சரணத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். 1968க்குப் பிறகு பிரிட்டனில் அவர்கள் சிங்கிளே விடவில்லை, இதை விட்டார்கள், முதலிடம். பீர் ஊற்றிய ஊர்க்காரர்களின் பிள்ளைகள் அதற்கு ஆடியிருப்பார்கள். லண்டனில் கோடீஸ்வரர்கள் செய்தால் பரிணாமம், ஏற்காட்டில் நான் செய்தால் சமரசமா?

மேனேஜர் 6,000இல் 1,500 பிடித்துக்கொண்டார். "நடுவுல ஆட்டம் நின்னு போச்சில்ல" என்றார். நின்றது மொத்தமே மூன்று நிமிஷம். பிறகு ஆடிய 25 நிமிஷத்துக்கு எக்ஸ்ட்ரா கேட்டோமா? அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு மேல், விருந்தாளிகள் எல்லோரும் அறைக்குப் போன பிறகு, நாங்கள் எட்டுப் பேரும் டார்ச் அடித்துக்கொண்டு அந்தப் புல்லில் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். போசியைக் குலுக்கிய வேகத்தில் கொலுசு மணிகள் தெறித்துவிட்டன. பனித்துளி ஒவ்வொன்றும் வெள்ளி மணி மாதிரியே மின்னியது, தொட்டால் விரல் நனையும். எடையில் நாலு கிராம் குறைந்தது. அதுவும் எங்கள் பங்கில் இருந்துதான்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஏழில் வாசிக்க ஆசையாக இருந்தால் வாசியுங்கள். சோலோவை நாலில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நல்ல பம்பைக்காரர் ஒருவரை உட்கார வையுங்கள், மேடை ஏறுமுன் முழுப் பணத்தையும் வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: அந்தக் கீபோர்டு இன்னும் இருக்கிறதா, விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டை வேலை செய்யாது. விற்பதாக இல்லை.