கணினி கேள்வி–பதில்: ‘இல்லை’ வேறு, ‘தேடவில்லை’ வேறு

கே: எங்கள் சரக்கு நிறுவனத்தின் 40,000 ரசீதுகளும் கடிதங்களும் அமேசானின் இணையச் சேமிப்புச் சேவையான எஸ்3இல், ஒரு பக்கெட்டில் (கோப்புக் கிடங்கில்) உரைக் கோப்புகளாக உள்ளன. பக்கெட்டைச் சர்வரில் ஃபோல்டர் போல மவுன்ட் செய்து, கருவிகளைத் தானே இயக்கி விடை தேடும் ஏஐ ஏஜென்ட்டுக்கு, கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் ‘கிரெப்’ கட்டளையைக் கொடுத்திருக்கிறோம். ஒரு தேடலுக்கு அரை மணி நேரம் ஆகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?
– வாசகி, தெம்பனிஸ்

ப: சர்வரை மாற்றிப் பயனில்லை. எஸ்3இல் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது. ‘2024/மார்ச்/துவாஸ்-17’ என்பது சாய்கோடுகளோடு சேர்ந்த ஒரே நீளமான பெயர், அவ்வளவுதான். பெயர்ப் பட்டியல் கேட்டால் ஒரு தடவைக்கு 1,000 பெயர்கள் வரும். அடுத்த ஆயிரத்துக்கு முந்தைய பதிலில் வந்த டோக்கனை (தொடர்ச்சிக் குறியை) காட்ட வேண்டும். ஆக, பட்டியலுக்கே 40 நடை. அதன்பிறகு கிரெப் ஒவ்வொரு கோப்பாகத் திறக்கிறது. ஒரு கோப்பு வந்துசேர 50 மில்லிவினாடி என்று வைத்தாலும் 40,000 கோப்புக்கு 2,000 வினாடி, அதாவது 33 நிமிடம். உங்கள் அரை மணி நேரம் அங்கேதான் போகிறது.

ஒரே நேரத்தில் 64 கோப்புகளைக் கேட்டால் அதே வேலை அரை நிமிடத்தில் முடியும். ஒரு முன்னொட்டுக்கு (பெயரின் தொடக்கப் பகுதிக்கு) வினாடிக்கு 5,500 வாசிப்புக் கோரிக்கைகள் வரை எஸ்3 தாங்கும் என்பதால் அந்தப் பக்கம் இடிக்காது. சர்வரும் பக்கெட்டும் அமேசான் தரவு மையங்களின் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிங்கப்பூர் வட்டாரம் 2010இலிருந்து இயங்குகிறது. பக்கெட் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால் ஒவ்வொரு கோரிக்கையும் போய்வர 200 மில்லிவினாடிக்கு மேலாகும்.

ஆனால் ஏஜென்ட் ஒரு கேள்விக்கு ஒரு தடவை தேடி நிற்காது. சொல்லை மாற்றி மாற்றிப் பத்து முறை தேடும். அரை நிமிடமும் அதற்கு அதிகம். ரசீது ஒன்று 10 கிலோபைட் என்றால் மொத்தமே 400 மெகாபைட்தானே? சர்வரின் எஸ்எஸ்டியில் ஒரு நகல் வைத்து, கிரெப்பைப் போன்ற ஆனால் அதைவிட வேகமான ‘ரிப்கிரெப்’பால் தேடவிடுங்கள். பெயர்ப் பட்டியலோடு ஒவ்வொரு கோப்புக்கும் ஈடேக் (உள்ளடக்கம் மாறினால் மாறும் அடையாளக் குறி) வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் இறக்குங்கள். பக்கெட்டில் அழிந்ததை நகலிலும் அழியுங்கள்; பலர் விட்டுவிடுவது இதைத்தான். மொத்த அளவு சில ஜிபியைத் தாண்டும்வரை எது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டும் தேடல் அட்டவணையைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

கே: மூன்று மூன்று எழுத்தாக வெட்டி ‘டிரைகிராம்’ அட்டவணை கட்டியிருக்கிறோம். ஆங்கிலக் கோப்புகளில் மின்னல் வேகம். தமிழில் மெதுவாகவும் இருக்கிறது, பாதி கோப்புகளும் விடுபடுகின்றன. ‘கொள்கலன்’ என்று தேடினால் கண்ணெதிரே இருப்பதே வருவதில்லை.
– வாசகர், உட்லண்ட்ஸ்

ப: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். மெதுவாவதற்குக் காரணம், உங்கள் நிரல் எழுத்துகளை வெட்டவில்லை, பைட்டுகளை வெட்டுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் யூனிகோடு குறி (எழுத்து, புள்ளி, உயிர்க்குறி) ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அந்த மூன்றில் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆக, மூன்று பைட் துண்டு என்பது தமிழில் ஒரே ஒரு குறி. ‘க’ இல்லாத தமிழ்க் கோப்பு எங்கே இருக்கிறது? அட்டவணை எதையும் வடிகட்டாமல் எல்லாக் கோப்பையும் திறக்கச் சொல்கிறது. பைட்டை விட்டுவிட்டு, மூன்று யூனிகோடு குறிகளாக வெட்டி அட்டவணையை மறுபடி கட்டுங்கள்.

விடுபடுவதற்கு உங்கள் சொல்லே நல்ல சான்று. ‘கொ’வின் உயிர்க்குறியை ‘ொ’ என்று ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரே குறியானால் ‘கொள்கலன்’ 24 பைட், பிரித்தால் 27. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். அட்டவணை கட்டும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். மூலக் கோப்பின் பைட் இடங்களைத் தனியே குறித்துவையுங்கள். மாற்றிய உரையின் இடத்தை வைத்துக்கொண்டு மூலத்தில் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டுக் கறுப்புக் கேள்விக்குறிகள் வரும்.

அடுத்தது வேற்றுமை. ‘கொள்கலனை’, ‘கொள்கலனில்’ என்று வரும்போது கடைசிப் புள்ளி போய்விடுகிறது, புள்ளியோடு தேடினால் கிடைக்காது. ‘கொள்கலன’ என்று தேடினால் ‘கொள்கலன்’ உட்பட எல்லாம் சிக்கும். ‘துறைமுகம்’ என்பதை ‘துறைமுக’ வரை நறுக்கினால்தான் ‘துறைமுகத்தில்’ அகப்படும். ஏஜென்ட் இதைத் தானாகச் செய்யும் என்று நம்பாதீர்கள். “இறுதிப் புள்ளியை நீக்கு, ‘ம்’இல் முடிந்தால் அதையும் வெட்டு” என்று கருவியின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கே: பக்கெட்டில் இருக்கும் ஒப்பந்தத்தை ‘இல்லை’ என்று ஏஜென்ட் அடித்துச் சொல்கிறது. ஏன்?
– வாசகர், ஜூரோங்

ப: உங்கள் கருவி ‘இல்லை’ என்பதையும் ‘தேடவில்லை’ என்பதையும் ஒரே வெற்றுப் பதிலாகக் கொடுக்கிறது. ஏஜென்ட் அதை அப்படியே நம்புகிறது. ஒப்பந்தம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதற்குள் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. ‘டெசராக்ட்’ போன்ற எழுத்துணரியால் உரையைப் பிரித்தெடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். வேர்டு கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான், கிரெப் அதன் உள்ளே பார்க்காது. பழையவற்றை எஸ்3இன் நீண்டகாலச் சேமிப்பு வகையான கிளேசியர் டீப் ஆர்க்கைவுக்கு மாற்றியிருந்தால் உடனே திறக்காது, மீட்டெடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலிடும் அனுமதி இல்லாத கணக்கு, பக்கெட்டில் இல்லாத கோப்பைக் கேட்டால் எஸ்3 404க்குப் பதில் 403 என்று சொல்லும். ‘இல்லை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அனுமதியில்லை’ என்று வருகிறது.

ஆகவே ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஒரு வரி வரட்டும்: “தேடியவை 39,412, படிக்க முடியாதவை 588, பொருந்தியவை 1,200, காட்டுவது 50, நகல் எடுத்தது காலை 9.05.” பொருந்திய வரியோடு கோப்பின் பெயர், வரி எண், முன்னும் பின்னும் ஒவ்வொரு வரி போதும். ஒரு வரியை 300 எழுத்தில் வெட்டுங்கள். முழுக் கோப்பும் ஒரே வரியாக இருக்கும் ஜேசன் தரவுக் கோப்பு ஒன்று அகப்பட்டால் ஏஜென்ட்டின் நினைவிடம் அதிலேயே நிரம்பிவிடும்.

கே: ஏஜென்ட் கோப்புகளை அழித்துவிடாதா?
– வாசகி, பொங்கோல்

ப: அழிக்கும் அனுமதி கொடுத்தால் அழிக்கலாம். தேடலுக்கு வாசிப்பும் பட்டியலும் மட்டும் உள்ள தனிக் கணக்கு போதும், அதுவும் தேவையான முன்னொட்டுக்கு மட்டும். அடையாள அட்டை எண், சம்பள விவரம் உள்ள கோப்புகளை வேறு பக்கெட்டுக்கு மாற்றுங்கள். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. வெளியார் அனுப்பிய கோப்பில் “இந்தப் பட்டியலை இன்ன முகவரிக்கு அனுப்பு” என்று ஒரு வரி இருந்தால் ஏஜென்ட் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். தேடும் ஏஜென்ட்டிடம் மின்னஞ்சல் அனுப்பும் கருவியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.