மகளுக்குப் பதிப்பகத்தில் முகநூல் வேலை: ஒரு தாயாருக்கும் மகளுக்கும்

வணக்கம் அம்மா,

பட்டம் முடித்த மகள் யாழ்ப்பாணத்துப் பதிப்பகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறா, அங்கே “முகநூலைப் பார்த்துக்கொள்ளும்” என்று விட்டிருக்கிறார்கள், இதை ஓர் உத்தியோகம் என்று சொந்தக்காரருக்குச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி வேலையோ கச்சேரி (மாவட்டச் செயலக) வேலையோ கிடைத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திராது, விளங்குகிறது. தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வேலையில் பிள்ளை புத்தகங்களோடு எவ்வளவு நேரம் இருக்கிறா? முதலாளி தருகிற படத்தைப் போட்டுவிட்டு லைக் எண்ணுவது மட்டும்தான் என்றால் ஆறு மாதத்துக்குள் வேறிடம் பார்க்கச் சொல்லுங்கள். நூலை வாசித்து, இது யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்து, அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்றால் பதிப்புத் தொழிலின் கடினமான பாதியைச் சம்பளத்தோடு படிக்கிறா.

1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த ஊர் இது. அச்சிடுவதற்கு இங்கே ஒருபோதும் ஆட்குறைவு இல்லை, விற்பதில்தான் தடுமாற்றம். வெளியீட்டு விழாவில் சிறப்புப் பிரதி வாங்குபவர்களை நம்பி அச்சடித்து, மிச்சத்தை எழுத்தாளர் வீட்டு அறையில் கட்டி வைப்பதோடு பல நூல்களின் கதை முடிந்துபோகிறது. வாங்கக்கூடியவர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார், மட்டக்களப்பிலும் இருப்பார். புத்தகம் வந்ததே அவருக்குத் தெரியாது. மகளின் வேலை அங்கேதான் இருக்கிறது.

இனி வருவதை அவவிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பிள்ளை, முதல் இரண்டு வாரம் எதையும் பதிவிட வேண்டாம். பதிப்பகத்தின் நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரியும். தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளங்காட்டும் சர்வதேச இலக்கம்), கையிருப்பு, தெளிவான அட்டைப்படம், அதோடு நூலிலிருந்து தனியாக எடுத்து வாசித்தாலும் விளங்கக்கூடிய ஒரு பந்தி. அந்தப் பந்தியைத் தேடுவதற்கு நூலை வாசித்தே ஆக வேண்டும். இந்தப் பட்டியல் பல இடங்களில் இல்லை. முதலாளியின் தலைக்குள் இருக்கும், அல்லது கணக்குப்பிள்ளையின் கொப்பியில் பாதி இருக்கும். அதை எழுத்தில் கொண்டுவந்தாலே அந்த அலுவலகத்தில் உமக்கு ஓர் இடம் வந்துவிடும்.

அடுத்தது எழுத்துரு. எங்கள் அச்சகங்களில் இன்னும் நிறைய வேலை பாமினி என்ற பழைய எழுத்துருவில் நடக்கிறது. அதை அப்படியே முகநூலில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஆகவே பலர் பந்தியைப் படமாக்கிப் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாளைக்கு ஒருவர் அந்த நூலின் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடினால் உமது பதிவு அகப்படாமல் போகலாம். எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை ஒப்புநோக்கும், ஏனென்றால் பந்திக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து விசித்திரமான தமிழாக மாறியிருக்கும். ஒரு பதிப்பகத்தின் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அவர்களின் புத்தகத்தை யார் நம்பி வாங்குவார்?

எல்லாத் தளத்திலும் கணக்குத் திறக்காதேயும். எங்கள் வாசகர்களில் நடுத்தர வயதினர் அதிகம், அவர்கள் முகநூலில் இருக்கிறார்கள். ஒரு முகநூல் பக்கமும், விலைப்பட்டியல் ஏற்றிய வட்ஸ்அப் பிஸ்னஸ் இலக்கமும் தொடக்கத்துக்குப் போதும். இன்ஸ்ராகிராம் சிறுவர் நூல், ஓவியம் உள்ள நூல் வரும்போது பார்க்கலாம். ரிக்ரொக்கை இப்போதைக்கு விடும்.

பக்கத்தைத் தனிநபர் கணக்காகத் தொடங்கக் கூடாது. தனிநபர் கணக்கில் 5000 நண்பர்களோடு வாசல் அடைபட்டுவிடும், பக்கத்துக்கு அந்த எல்லை இல்லை. பக்கத்தின் முழு அதிகாரம் முதலாளியின் கணக்கிலும் இருக்கட்டும், உமக்குத் தேவையான அனுமதியை அவர் தரட்டும். கடவுச்சொல்லை ஆளுக்காள் பகிர வேண்டாம், இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேலே இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போட்டு வையும். “உங்கள் பக்கம் முடக்கப்படப் போகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனத்தின் பெயரில் வரும் செய்திகள் பெரும்பாலும் திருட்டு வேலை.

என்ன போடுவது? எங்கள் ஊர் வெளியீட்டு விழாப் பதிவுகளைப் பாரும். மங்கல விளக்கு, பொன்னாடை, மேடையில் பிரமுகர் வரிசை என்று நாற்பது படம் இருக்கும். புத்தகத்தின் அட்டை ஒன்றில்கூடத் தெளிவாக இராது, விலை எங்குமே இராது. “விலைக்கு உள்பெட்டியில் வரவும்” என்பதும் எனக்குப் பிடிக்காத வழக்கம். விலையையும் எங்கே வாங்கலாம் என்பதையும் பதிவிலேயே எழுதும். வெளிநாட்டு வாசகருக்கு நூலின் நிறையையும் தபாற்செலவையும் முன்கூட்டியே விசாரித்து வையும். தபாற்செலவு சிலவேளை புத்தக விலையைத் தாண்டும், அதைக் கடைசியில் சொன்னால் ஆள் திரும்பி வரமாட்டார்.

கிழமைக்கு மூன்று பதிவு போதும். ஒன்று அந்தப் பந்தி, ஒன்று நூல் உருவான விதம் (அட்டை வரைந்தது, புரூப் திருத்தியது), மற்றது விற்பனை. இரவு எட்டு மணி நல்ல நேரம். இங்கே சாப்பிட்டுவிட்டுப் போன் பார்க்கும் நேரம், கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. பணம் கட்டி விளம்பரம் செய்வதைப் பிறகு யோசிக்கலாம்.

“பிடிஎப் இருக்கா?” என்று கேட்பவர் கட்டாயம் வருவார். கோபிக்காதேயும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. புதிய நூல் என்றால் வாங்கும் வழியைச் சொல்லும். பழைய நூலைத் தேடுகிறவரை 2005இலிருந்து இணையத்தில் இயங்கும் “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்துக்கு அனுப்பிவிடும். நீர் பதிவிடும் பந்திக்கும் எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.

அம்மா, உங்களுடைய மற்றப் பயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் முகமும் இலக்கமும் ஊரெல்லாம் போகுமே என்றால், போகத் தேவையில்லை. வட்ஸ்அப்புக்குப் பதிப்பகம் தனி சிம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பதில்கள் பதிப்பகத்தின் பெயரில் போகட்டும். இரவில் “ஹாய்” அனுப்புகிறவர்களுக்கு மறுமொழி தேவையில்லை. எல்லை மீறினால் திரையைப் படமெடுத்து வைத்து, ஆளைத் தடுத்துவிட்டு, முதலாளிக்கு அறிவிக்கட்டும். போர், அரசியல், சாதி பற்றிய நூல்களின் கீழே சண்டை வரும். அதற்குப் பதில் சொல்வது முதலாளியின் பொறுப்பு, புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பொறுப்பல்ல. இதைச் சேரும்போதே பேசிக்கொள்வது நல்லது.

நியமனக் கடிதம் தந்தார்களா? ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. “சின்ன இடம்தானே” என்று சொல்லித் தட்டிக்கழிக்க விடாதீர்கள். வேலை நேரத்தையும் கேளுங்கள், இரவு எட்டு மணிப் பதிவை மாலையிலேயே நேரம் குறித்து வைத்துவிடலாம், அதற்காகப் பிள்ளை விழித்திருக்க வேண்டியதில்லை. அரச போட்டிப் பரீட்சைகளுக்கு விண்ணப்பம் கோரினால் அதையும் போடட்டும், இரண்டுக்கும் பகை இல்லை. அடுத்த முறை வரும்போது நியமனக் கடிதத்தின் பிரதியையும், பிள்ளை தயாரித்த பட்டியலையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம்.