துடுப்பு கிழிந்த லயன் ஃபிஷ் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: கொளத்தூரில் ஒரு கடையில் லயன் ஃபிஷ் (விஷ முட்கள் உள்ள கடல் மீன்) ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். முதுகுத் துடுப்பு கிழிந்திருக்கிறது, ஒரு கண் மங்கலாக இருக்கிறது. "ரெண்டு வாரத்துல சரியாயிடும் சார்" என்கிறார் கடைக்காரர். என்னிடம் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஆறு மாதமாக ஓடுகிறது. இரண்டு க்ளவுன், நாலு டாம்சல் என்று சின்ன மீன்கள் உண்டு. வாங்கலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முள்ளுக்கு முள் நடுவே உள்ள சவ்வு கிழிவது இந்த மீனுக்குச் சகஜம். பிடிக்கும்போது வலையில் மாட்டும், கவரில் வரும்போது உரசும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் தானாக வளர்ந்துவிடும். ஒற்றைக் கண் மங்கலும் பெரும்பாலும் உரசல்தான். ஆனால் கிழிசலின் ஓரம் சிவந்தோ, பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகவோ இருந்தால் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள்.

நானாக இருந்தால் துடுப்பைவிட வாயைத்தான் பார்ப்பேன். கடைக்காரரிடம் ஒரு இறாலைப் போடச் சொல்லுங்கள். நல்ல மீன் துடுப்பை விரித்து மெதுவாக நெருங்கும், ஒரு கணம் நிற்கும், அப்புறம் இறால் காணாமல் போயிருக்கும். இறால் பக்கத்தில் வந்தும் அசையாமல் இருந்தாலோ, வாய் திறந்தபடியே நின்றாலோ இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தாடை அடிபட்ட லயன் ஃபிஷ் பட்டினியிலேயே போய்விடும். வயிறு ஒட்டியிருப்பதும் செவுள் படபடவென்று அடிப்பதும் கெட்ட அறிகுறி. பாறைக்கடியில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். முடிந்தால் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைத்து, அதன் பிறகும் சாப்பிடுகிறதா என்று பார்த்து எடுங்கள்.

சரி, சாப்பிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் தொட்டிக்கு இது சரிவராது. கடையில் விரல் நீளம் இருப்பது ஒரு அடிக்கு மேல் வளரும். 450 லிட்டராவது வேண்டும். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்குச் சாப்பாடுதான். டாம்சல் முதலில் போகும், க்ளவுனும் தப்பாது. பெரிய தொட்டி, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், உப்பு என்று கூட்டிப் பார்த்தால் மீனில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு? ஆசை விடவில்லை என்றால் ஃபஸ்ஸி ட்வார்ஃப் என்ற குட்டை இனத்தைக் கேளுங்கள். தொட்டிக்குப் பொருந்தும், ஆனால் அதுவும் சின்ன மீன்களை விழுங்கும்.

எதை வாங்கினாலும் நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். மணல் போடாத தனித் தொட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப் துண்டு போட்டு, நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே வேறு தொட்டியில் ஓடி, நல்ல பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் தேவை. காயத்துக்கு முதல் மருந்து அந்தத் தண்ணீர்தான். தோல் மாதிரி மெல்லிய படலம் உரிந்து வந்தால் பதறி மருந்து ஊற்ற வேண்டாம், இந்த மீன் அவ்வப்போது அப்படி உரிக்கும். உயிருள்ள இறாலில் தொடங்கி, உறைய வைத்த இறால், மீன் துண்டுகளுக்குப் பழக்குங்கள். கோல்ட் ஃபிஷ் போட்டு வளர்த்தால் கொழுப்பு ஏறி ஈரல் கெடும். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை போதும். கண்ணாடி ஓரம் வந்து கெஞ்சும், ஏமாறாதீர்கள்.

பில்லில் என்ன காயம் என்று எழுதி வாங்குங்கள். குறையைச் சொல்லி விற்ற மீனுக்கு அதே குறையைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்க முடியாது. சொல்லாத வியாதி தெரியவந்தால் பில்லும், வாங்கிய அன்று எடுத்த வீடியோவும் கைகொடுக்கும். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: லயன் ஃபிஷ் குத்தினால் உயிருக்கு ஆபத்தா? வீட்டில் குழந்தை இருக்கிறது.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பெரியவர்கள் இறப்பது மிக அபூர்வம், ஆனால் வலி தாங்க முடியாது. முதுகில் 13, வயிற்றுப் பக்கம் 5 என்று 18 விஷ முட்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம். குத்திய இடத்தை 43 முதல் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். வலியில் சூடு உறைக்காது. குத்தாத கையை விட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். அப்படியே டாக்டரிடம் போங்கள், மூச்சுத் திணறினால் காத்திருக்கவே வேண்டாம். தொட்டிக்குப் பூட்டு போட்ட மூடி கட்டாயம். மீனை மாற்றும்போது வலை வேண்டாம், முள் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.