முதுகெலும்பு வட்டு அறுவைக்குப் பின் நீடிக்கும் கால் பெருவிரல் மரப்பு

ஆறு வாரமாகியும் கால் பெருவிரல் மரத்திருப்பதை மட்டும் வைத்து, உங்கள் தந்தையின் எல்4-எல்5 வட்டு (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) அறுவை தோற்றுவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எழுதியபடி கால் வலி நீங்கியிருப்பது, நரம்பின் மீதிருந்த அழுத்தம் குறைந்ததற்கு நல்ல அடையாளம்.

நெடுநாள் நசுங்கிய நரம்பில் வலி முதலில் தணியும். உணர்வு கடைசியில்தான் திரும்பும். சேதமடைந்த நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே வளர்வதால், இடுப்பிலிருந்து பாதம்வரை சீராகப் பல மாதங்கள் பிடிக்கலாம். சிறிது மரப்பு நிலைத்தும் விடலாம். அதை அவரிடம் மறைக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது மரப்பைவிட வலுவையே. அருகில் நின்று பிடித்துக்கொண்டு, குதிகாலில் நான்கடி நடக்கச் சொல்லுங்கள். பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, மறுகாலுடன் ஒப்பிடுங்கள். வலு குறைந்துவருவதாகத் தெரிந்தால் அறுவை செய்த மருத்துவரை அன்றே பாருங்கள். வலு சரியாக இருந்தால் இப்போதே மறு எம்.ஆர்.ஐ. எடுக்க அவசரம் இல்லை என்பது என் கருத்து. புதுத் தழும்புத் திசு படத்தில் குழப்பத்தையே தரும்.

ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் கட்டுப்படாமை, ஆசனவாயைச் சுற்றி மரப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவானாலும், பெங்களூரின் நெரிசலையும் வெளிநோயாளித் தேதியையும் எண்ணித் தயங்காமல், நரம்பு அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் அத்தகைய ஒன்று.